சாமித் தட்டில் போட்ட சார்ஜ்

2009இல் லண்டன் பிளேஸ்டோவில் ஓர் அக்காவின் வீட்டில் அறை எடுத்திருந்தேன். சிகரெட்டை விடவென்று எலக்ட்ரானிக் சிகரெட் வாங்கினேன். அதோடு வந்த சார்ஜர் தொலைந்ததும் சந்தையில் மலிவாக வேறொன்று வாங்கினேன்.

அக்கா நெருப்புக்குப் பயந்து சாமிக்கும் மின்விளக்குத்தான் வைத்திருந்தார். அவர் வேலைக்கு வெளிக்கிடும் நேரம் நான் சாமித் தட்டின் முன்னால் போய் நிற்பேன்; கும்பிடுகிறேன் என்று நினைத்துக்கொள்வார். அவர் போனபின் அந்த விளக்கின் பிளக்கைக் கழற்றி, என் சார்ஜரைக் கொழுவி, சிகரெட்டைத் தட்டின் பட்டுத்துணியில் வைப்பேன். ஒருநாள் அப்படியே விட்டுவிட்டு ஷிப்டுக்குப் போனேன்.

மத்தியானம் வந்தபோது பற்றரி வெடித்திருந்தது. அன்றைக்கு வேலையால் வெள்ளென வந்த அக்காவே நெருப்பை அணைத்திருந்தார். சாமிப் படங்களோடு, வன்னியில் காணாமல்போன அவருடைய மகனின் படமும் எரிந்துவிட்டது.

"வேற படம் இல்லையோ அக்கா?"

"இல்லைத் தம்பி."

என்னை ஏசவில்லை. ஒரு கிழமைக்குப் பிறகு தேத்தண்ணி தந்துகொண்டு கேட்டார்.

"தம்பி, அவனுக்கு எந்தப் புருவத்தில தழும்பு? எனக்குக் குழம்புது. நீர் ஒவ்வொரு நாளும் அதில நிண்டு கும்பிட்டனீர்தானே."

"வலது புருவம்" என்றேன்.

"ஓம், வலதுதான்" என்றார்.

அந்த முகத்தை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. அங்கே நின்று பிளக்கைத்தான் பார்த்தேன். இப்போது அவருடைய மகனுக்கு நான் சொன்ன பக்கத்தில்தான் தழும்பு.