இருபத்தெட்டு வயதுக் கிழவிகள்

லெஸ்கோவாத்ஸ் ஊரில் அஜ்வார் என்கிற மிளகாய் விழுதைக் கடையில் வாங்குகிறவள் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. செப்டம்பர் பிறந்தால் போதும், தெரு முழுக்கப் புகை. சிவப்புக் குடைமிளகாயைச் சுட்டு, தோலுரித்து, அகலச் சட்டியில் நாள் பூராவும் கிளறி, குளிர்காலத்துக்குப் பாட்டிலில் அடைத்தால்தான் அவள் குடும்பம் நடத்தத் தெரிந்தவள். முழங்கால் தேய்ந்தவளுக்கும் கை நடுங்குகிறவளுக்கும் இதில் சலுகை கிடையாது. இப்படிப்பட்ட ஊரில் போய் ஜிவோதா அஜ்வார் தொழிற்சாலை போட்டார். ஒரே வருஷத்தில் இழுத்து மூடுவார் என்று ஊரே சொன்னது. ஆனால் அவர் மூடவில்லை. ஏன் மூடவில்லை என்பது ஸ்தாமென்கா ஒருத்திக்குத்தான் தெரியும்.

ஸ்தாமென்காவுக்கு ஐம்பத்து நான்கு வயது. பத்தொன்பது வருஷம் நெசவாலையில் நின்றவள். ஆலையை ஒருவனுக்கு விற்றார்கள். அவன் இயந்திரங்களைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போனான். நானூறு பெண்கள் வீட்டுக்குப் போனார்கள். அந்தக் கோபம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை. ஆறவும் வேண்டாம். பிறகு ஜிவோதாவின் கொட்டகையில் மிளகாய் உரிக்கச் சேர்ந்தாள். தொழிற்சாலையின் ஃபேஸ்புக் பக்கம் அவள் கைக்கு வந்ததற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. அங்கே இருந்தவர்களில் அவள் போனில்தான் படம் தெளிவாக விழுந்தது.

ஆறு வருஷத்தில் பதினான்காயிரம் பேரைச் சேர்த்தாள். யார் எது எழுதினாலும் பதில் போடுவாள். "விதை மிதக்குது, வெட்கமா இல்ல?" என்று ஒருத்தி எழுதினால், "உங்க வீட்டுச் சட்டியையும் படம் எடுத்துப் போடுங்க, பாக்கலாம்" என்பாள். சண்டை இருநூறு, முந்நூறு பதில் வரைக்கும் போகும். வெளியே அப்படிச் சண்டை போட்ட பெண்களே, அன்று சாயங்காலம் தனிச்செய்தியில் வருவார்கள். "பன்னிரண்டு பாட்டில் அனுப்பு. லேபிள் ஒட்டாதே. பெட்டி மேல கம்பெனி பேர் இருக்கக் கூடாது." சரக்கு வந்ததும் தங்கள் பழைய பாட்டில்களுக்கு மாற்றி அலமாரியில் அடுக்கிவிடுவார்கள். விருந்தாளி பாராட்டினால் அடக்கமாகச் சிரித்துக்கொள்வார்கள்.

எழுதுவதுகூடத் தங்கள் பேரில் இல்லை. மகளோ பேத்தியோ வியன்னாவுக்கு வேலைக்குப் போய்ப் புதுப் போன் வாங்கியதும் பழசை ஊருக்கு அனுப்புவாள். அதில் அவளுடைய பழைய கணக்கு அப்படியே கிடக்கும். அனுப்பியவள் அங்கே புதுக் கணக்குத் தொடங்கிக்கொள்வாள். ஊரில் இருப்பவள் பழசிலேயே காலம் தள்ளுவாள். எழுபத்தெட்டு வயதுக் கோசாரா, ஃபேஸ்புக்கைப் பொறுத்தவரை தன் பேத்தி, இருபத்தெட்டு வயது நெவேனா.

இந்தக் கோசாரா வேறு யாருமில்லை, முதலாளி ஜிவோதாவைப் பெற்றவள். குடும்பப் புனிதர் நாள் விருந்துக்கு அவள் வீட்டில் நாற்பது பேர் உட்காருவார்கள். "என் மகன் விக்கிறது தொழிற்சாலைத் தீனி. இது கையால செஞ்சது, தொட்டுப் பாருங்க" என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்வாள். விரல் மூட்டெல்லாம் வீங்கிப்போய் ஒரு மிளகாயைக்கூட அவளால் உரிக்க முடியாது. மூன்று வருஷமாக அந்த மேஜையில் இருப்பது மகன் தொழிற்சாலைச் சரக்கு. அனுப்பி வைத்தவள் ஸ்தாமென்கா.

இப்படி ஓடிக்கொண்டிருந்த பிழைப்பில்தான் பெல்கிரேடிலிருந்து ரெல்யா வந்து இறங்கினான். விற்பனையை இரட்டிப்பாக்கித் தருகிறேன் என்று ஜிவோதாவிடம் சொல்லியிருந்தான். முப்பது வயது, வெள்ளைக் காலணி. அந்தக் காலணியோடு மிளகாய்க் கொட்டகைக்குள் ஒரு தடவை எட்டிப் பார்த்தான், அவ்வளவுதான். மூன்றாம் நாள் சுவரில் வண்ண வண்ணமாகக் கட்டம் போட்டுக் காட்டினான்.

"நம்ம வாடிக்கையாளர் யாருன்னு கண்டுபிடிச்சாச்சு. நூத்துக்கு அறுபத்தோரு பேர், இருபத்தஞ்சுலேர்ந்து முப்பத்துநாலு வயசுப் பெண்கள். காலைல அஞ்சு மணிக்கே போனைக் கையில எடுத்துடறாங்க. அதாவது உடற்பயிற்சிக்குப் போறதுக்கு முன்னாடி."

"கோழிக்குத் தீனி வைக்கிறதுக்கு முன்னாடி" என்றாள் ஸ்தாமென்கா.

ஜிவோதா சிரித்தார். ரெல்யா சிரிக்கவில்லை. அடுத்த படத்துக்குப் போனான். இறுக்கமான உடற்பயிற்சி உடையில் ஒரு பெண், ரொட்டியில் பச்சையாக எதையோ தடவி அதன்மேல் ஒரு சொட்டு அஜ்வார் வைத்திருந்தாள். இனிமேல் விளம்பரம் இதுதானாம். ஐம்பது தாண்டியவர்கள் சண்டை போடுவதோடு சரி, வாங்குவதில்லை; அதனால் அவர்களுக்குப் பதில் போடக் கூடாதாம். கடைசியாக, போன வருஷம் வாங்கிய அத்தனை பேருக்கும் பரிசுக் குலுக்கல். அவர்கள் பேரையும், பெட்டி போய்ச் சேர்ந்த ஊரையும் பக்கத்தில் பட்டியலாகப் போடப் போகிறானாம்.

பட்டியல் என்றதும் ஸ்தாமென்கா நிமிர்ந்தாள். நெவேனா வியன்னாவில் இருப்பது ஊருக்கே தெரியும். அவள் பேரில் கோசாராவின் கிராமத்துக்குப் பன்னிரண்டு பாட்டில் போயிருக்கிறது என்று பார்த்தால், சின்னக் குழந்தைகூடக் கணக்குப் போட்டுவிடும். கோசாரா மட்டுமில்லை. இதே மாதிரி இன்னும் இருநூற்றுச் சொச்சம் பேர்.

"அந்த வயசெல்லாம் பொய், தம்பி."

"எப்படிப் பொய்யாகும்? சிஸ்டம் சொல்லுதே."

"சிஸ்டத்துக்கு யாரு சொன்னா?"

"சரி, ஒரு பேர் சொல்லுங்க. இருபத்தெட்டுன்னு போட்டிருக்கு, நெசத்துல எழுபதுன்னு ஒரே ஒருத்தர காட்டுங்க. இந்தக் கட்டம் மொத்தத்தையும் நானே அழிச்சுடறேன்."

ஜிவோதாவும் திரும்பிப் பார்த்தார். "சொல்லேன், ஸ்தாமென்கா. தெரிஞ்சா சொல்லு."

அவருடைய அம்மாவின் பெயர் அவள் நாக்கு நுனிவரை வந்தது. ஒரு வார்த்தை போதும். வேலை நிலைக்கும், இந்தப் பயல் சாயங்கால பஸ்ஸைப் பிடிப்பான்.

"யாரு பேரையும் சொல்ல மாட்டேன். பட்டியலும் போடாதீங்க. அவங்களுக்குப் பிடிக்காது."

"உங்களுக்கு ஐம்பத்துநாலு வயசு, இல்லையா?" ரெல்யா பரிவோடு கேட்டான். அந்தப் பரிவுதான் அவளை எரித்தது. "நீங்க நம்ம இலக்குலயே வர மாட்டீங்க மேடம். அதனாலதான் இவங்க மனசு உங்களுக்குப் புரியல."

ஆறு வருஷமாக ஒவ்வொருத்தியின் முழங்கால் வலியும், யார் மகன் எந்த ஊரில் கட்டட வேலை பார்க்கிறான் என்பதும் அவளுக்கு அத்துப்படி. புரியவில்லையாம். நெசவாலையைக் கழற்ற வந்தவர்களும் இப்படித்தான் கையில் காகிதத்தோடு வந்தார்கள், இப்படித்தான் மரியாதையாகப் பேசினார்கள். அவள் மேஜைமேல் இருந்த கம்பெனிப் போனை எடுத்தாள். அந்த ஆர்டர்கள் எல்லாம் தனிச்செய்திகளில்தான் இருந்தன, வேறு எந்த நோட்டிலும் இல்லை. அவர்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எல்லாவற்றையும் மொத்தமாகக் குறித்து அழிக்க ஆரம்பித்தாள். என்ன செய்கிறாள் என்று ரெல்யாவுக்கு உறைக்கவே நேரமாயிற்று. உறைத்துக் கையை நீட்டியபோது ஒன்றும் மிச்சமில்லை.

ஜிவோதா கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்கு நன்றாக இருந்திருக்கும். அவளைத் தனியாக வெளியே கூட்டிப்போய் நின்றார்.

"உனக்கு என்ன ஆச்சு? அந்தப் பையன் படிச்சவன். கொஞ்சம் யோசிச்சுப் பாரு, இந்த ஊர்க் கிழவிங்க நம்மகிட்ட எதுக்கு வாங்கப் போறாங்க? என் அம்மாவையே எடுத்துக்கோ. அவ கைப்பக்குவத்துக்குப் பக்கத்துல நம்ம சரக்கு நிக்குமா? செத்தாலும் என் பாட்டிலைத் தொட மாட்டா. போ, நாளைலேர்ந்து வர வேணாம்."

அவள் மேல்கோட்டை எடுத்துக்கொண்டு நடந்தாள். பஸ் நிறுத்தம் வரைக்கும் தனக்குள் ஜிவோதாவைத் திட்டினாள், ரெல்யாவைத் திட்டினாள், வாயில்லாமல் போன தன்னையும் திட்டினாள். பிறகு போனை எடுத்துக் கோசாராவைக் கூப்பிட்டு, நடந்தது முழுவதையும் சொன்னாள்.

"உங்க பேர் என் வாயிலேர்ந்து வரலம்மா. நீங்களா உங்க மகன்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா எனக்கு வேலை திரும்பக் கிடைக்கும். அவர்கிட்ட மட்டும் சொன்னாப் போதும், ஊருக்குத் தெரிய வேணாம்."

கோசாராவின் குரல் உயர்ந்தது.

"என்னத்தைச் சொல்லச் சொல்றே? கடைச் சரக்கு வாங்கினேன்னா? என் வீட்டுலயா? யாருகிட்ட என்ன பேசறோம்னு தெரிஞ்சு பேசுடி."

"அம்மா, மூணு வருஷமா நான்தான் கட்டி அனுப்பறேன்."

"யாருக்கு அனுப்பினியோ, என்னவோ. நெவேனா வாங்கியிருப்பா. சின்னப் பொண்ணு, சமைக்கத் தெரியாது."

ஸ்தாமென்கா போனை வைக்கப் போனாள். அதற்குள் கோசாரா குரலைத் தாழ்த்தினாள்.

"அது கெடக்கட்டும், ஸ்தாமென்கா. விருந்துக்கு இன்னும் ஒரு மாசம்தான் இருக்கு. இந்த வருஷம் எனக்கு யாரு அனுப்புவா?"

"சந்தையில மிளகாய் மூட்டை மூட்டையா வந்து எறங்கியிருக்கு" என்றாள் ஸ்தாமென்கா. "உங்க கையால நீங்களே சுட்டு உரிச்சுக்கோங்க."

போனை அணைத்துப் பைக்குள் போட்டாள். அந்த வீங்கிய விரல்கள் அவள் கண்ணுக்குள் வந்து நின்றன. சொன்னது குரூரம் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் அவள் திரும்பக் கூப்பிடவில்லை.