விற்றிருக்கக் கூடாத நாற்காலி

அந்தப் பிரம்புப் பட்டறையில் எதை வேண்டுமானாலும் விற்கலாம், ஜன்னலோரம் கிடக்கும் ஒரு நாற்காலியைத் தவிர. பட்டறைக்காரனின் ஆட்டிசம் உள்ள பத்து வயது மகள் தினமும் அதில்தான் உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆடுவாள். அவசரத்தில் அப்பன்காரன் அதையே ஒரு வக்கீலுக்கு விற்றுத் தொலைத்தான். மகள் போட்ட கூச்சலில் பட்டறை இரண்டுபட்டது.

புருஷனை வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்துவிட்டு, அம்மாக்காரி மகளையும் ஒரு புது நாற்காலியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வக்கீல் வீட்டுக்குப் போனாள். பழசுக்குப் புதுசு தருகிறேன் என்றதும் வக்கீலுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"பழசுல ஏதோ விசேஷம் இருக்கு. தரமாட்டேன்."

அதற்குள் மகள் உள்ளே புகுந்து, தன் நாற்காலியில் உட்கார்ந்து ஆடத் தொடங்கிவிட்டாள்.

"அப்போ நீங்களே வச்சுக்கோங்க சார். இவளும் அதோட சேர்த்திதான். டிவி போடக்கூடாது, மிக்ஸி ஓடக்கூடாது, யாரும் தும்மக்கூடாது."

வக்கீல் அதை வண்டிக்குத் தூக்கிப்போக நாற்காலியின் ஒரு பக்கத்தைப் பிடித்தார்; மறுபக்கத்தை அம்மாக்காரி பிடித்தாள். மகள் இறங்குவதாக இல்லை. பல்லக்கில் போவதுபோல் சாய்ந்துகொண்டாள்.

"இவளை எப்படிம்மா சமாளிக்கறீங்க?" மூச்சுவாங்கக் கேட்டார் வக்கீல்.

"இவளைச் சமாளிச்சிடலாம் சார். இப்படிக் கேக்கறவங்களைத்தான் சமாளிக்க முடியல. கொஞ்சம் உசத்திப் பிடிங்க, என் பொண்ணு சரியுறா."