எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறாத வண்டி

இன்று காலை பாலசமுத்திரத்தில், எங்கள் வீட்டு வாசலில் வண்டி பூஜை.

வண்டி என் வீட்டுக்காரர் செய்தது. குவைத்தில் பதினோரு வருடம் ஒரு முதலாளியின் தோட்டத்தில் புல் வெட்டினார். அங்கே தூக்கிப்போட்ட புல் வெட்டும் மெஷினைக் கார்கோவில் அனுப்பிவிட்டு, பின்னாலேயே வந்து சேர்ந்தார்.

இங்கே வெட்டுவதற்கு ஏது புல்? இருப்பதை ஆடு பார்த்துக்கொள்கிறது.

எஞ்சினையும் சக்கரங்களையும் கழற்றிப் பழைய இரும்புக் கட்டில் சட்டத்தில் மாட்டினார். மாந்தோப்பில் மேடு பள்ளமெல்லாம் ஏறுமாம். "இது ஓடிச்சின்னா தோப்பு வேலைய பாத்துக்கினு இங்கயே இருந்துட்றேன்" என்றார். இரண்டு மாதமாக வீடெல்லாம் கிரீஸ். பொறுத்துக்கொண்டேன்.

நாலு சக்கரத்துக்கும் அடியில் மாமியார் எலுமிச்சம்பழம் வைத்தார். இவர் ஏறி உட்கார்ந்து, எஞ்சினைக் கிளப்பக் கயிற்றை இழுத்தார். ஒரே புகை. பெல்ட் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை. மேடு ஏற வேண்டிய வண்டி பழத்தின் மேல் ஏறவில்லை.

"பழத்த எட்த்துட்லாமா அத்தே?" என்றேன்.

"நசுங்காம எட்க்கக் கூடாதும்மா!"

இவர் திரும்பி, "லேசா தள்ளேன்" என்றார்.

தள்ளினேன். பழம் நசுங்கியது. தோப்பு வரைக்கும் நான்தான் தள்ளினேன்.

அங்கே இறங்கி, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "பாஸ்போர்ட்ட எங்க வெச்ச?"

இவர் குவைத்துக்குக் கிளம்பிய மூன்று முறையும் டாக்சிக்கு இதே எலுமிச்சம்பழம்தான் வைத்தோம். ஒரு முறையாவது டாக்சி பழத்தில் சிக்கி நின்றதா, நீங்களே சொல்லுங்கள்.