வலப்பக்கம் தைத்த ஆட்டுக்குட்டி

எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் படிப்பேன். யார் பிழைத்தார்கள், யார் வீடு திரும்பினார்கள் என்று தெரிந்த பிறகுதான் முதல் பக்கத்துக்கு வருவேன். கதை எழுதுகிறவளே இப்படிச் செய்யலாமா என்று கேட்பார்கள். ஜப்பான்காரன் காலத்தில் சயாமில் ரயில் பாதை போட அப்பாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். வருவாரா மாட்டாரா என்று தெரியாமலே இரண்டு வருடம் ஓட்டினோம். எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தார். அதிலிருந்து முடிவு தெரியாத கதை எனக்கு ஒத்துக்கொள்வதில்லை.

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த வருடம் காஜா பெராங்கில் குடியிருந்தோம். தமிழ்ப்பள்ளியில் முதலாம் வகுப்புக்கு நான்தான் டீச்சர். பாடப்புத்தகத்தைக் கண்டாலே பிள்ளைகளுக்குக் கொட்டாவி வந்தது. அதனால் நானே ஒரு படக்கதை வரைந்தேன். ஓர் ஆட்டுக்குட்டி வீட்டை விட்டு ஓடி, கிளேபாங்கில் கடலைப் பார்த்து, அலையில் விழுந்து நனைந்து, அம்மாவிடம் திரும்பி வரும். பக்கத்துக்கு ஒரு படம், அடியில் ஒரு வரி.

தலைமையாசிரியர் புரட்டிப் பார்த்தார். "படம் பாக்குறது படிப்பாம்மா?" என்றார். அச்சடித்து வந்தால் ஒரே ஒரு நாள் வகுப்பில் கொடுத்துப் பார்க்கலாம், பிள்ளைகள் படித்தால் வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் பழைய பாடம்தான் என்று முடித்துவிட்டார்.

அச்சான தாள்களை ஜாலான் துக்காங் எமாஸ் பக்கம் புத்தகம் தைக்கும், நானா என்று எல்லோரும் கூப்பிடும் தமிழ் முஸ்லிம் பெரியவரிடம் கொடுத்தேன். மலாய்க்காரர்கள் ஓதும் ஜாவி கித்தாபுகளை, அதாவது மார்க்கப் புத்தகங்களைத் தைப்பதுதான் அவருக்குத் தொழில். வெள்ளிக்கிழமை மாலை அவர் கடையிலேயே கட்டைப் பிரித்துப் பார்த்தேன். முதல் பக்கம் மேலே வரும்படி வைத்தால், எல்லாவற்றுக்கும் தைத்த முதுகு வலப்பக்கம் இருந்தது. ஜாவி வலமிருந்து இடமாக ஓடும் எழுத்து, அதற்கு அப்படித்தான் தைப்பார்கள். என் புத்தகத்துக்கோ பெயர்கூட அச்சிடாத வெறும் பழுப்பு அட்டை. பிள்ளைகள் வழக்கம்போல் திறந்தால் கடைசிப் பக்கம்தான் முதலில் வரும்.

"என்ன நானா இது? எங்க பிள்ளைங்க கித்தாபா ஓதப் போவுது?"

ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். முகம் செத்துவிட்டது. "நாப்பது வருசமா தச்ச கை டீச்சர். என்னைக் கேக்காமலே தச்சிருச்சு. இப்ப பிரிச்சா பசையோட தாளும் கிழிஞ்சு வந்துரும்."

கோபம் வந்தால் எனக்கு வாய் நிற்காது. "கண்ணை அடகு வச்சிட்டா தச்சீங்க?" என்று கேட்டுவிட்டு வந்தேன். அப்பாவிடம் காட்ட வெட்கமாக இருந்தது. கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

திங்கட்கிழமை வேறு வழியில்லாமல் வகுப்புக்கு வேண்டிய அளவு எடுத்துப்போய்க் கொடுத்தேன்; தலைமையாசிரியர் வகுப்பு வாசலிலேயே நின்றார். பிள்ளைகள் திறந்தார்கள். சொட்டச் சொட்ட நனைந்த குட்டி அம்மா மடியில் தூங்கும் படம். முன்வரிசையில் ஒருத்தி கை தூக்கினாள்.

"டீச்சர், ஆடு ஏன் ஈரமா இருக்கு?"

"நீயே பாரு," என்றேன்.

பக்கத்தைத் திருப்பினாள். அலை இருந்தது. "கடல்ல விழுந்திருச்சு! கடலுக்கு ஏன் போச்சு?" மறுபடி திருப்பினாள். படத்தில் பதில் போதவில்லை, அடியிலிருந்த வரியை எழுத்துக்கூட்டிப் படித்தாள். மற்றவர்களும் போட்டி போட்டுக்கொண்டு தேடினார்கள். ஆடு கிளம்பிய பக்கத்தைக் கண்டுபிடித்ததும், அங்கிருந்து மறுபடி அம்மா மடிவரை வந்தார்கள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"இருக்கட்டும்மா," என்று சொல்லிவிட்டுத் தலைமையாசிரியர் நகர்ந்தார். அவர் வாயில் அதுவே பெரிய பாராட்டு.

பள்ளி விட்டதும் நேரே நானாவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப அடுத்ததையும் இப்படியே தச்சிரவா?" என்றார். சிரிப்பில் என் பாரமெல்லாம் இறங்கிவிட்டது.

அன்று சாயங்காலம் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து அப்பாவிடம் கொடுத்தேன். அவரும் பிள்ளைகளைப் போலத்தான் திறந்தார். குட்டியையும் தாயையும் வெகுநேரம் பார்த்தார்.

"வந்துருச்சா?"

"வந்துருச்சுப்பா."

"அப்ப சரி," என்று மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.