முன்னால் போகும் வண்டி

மொன்றியலில் ரொக்ஸ்பரோ ரயில் நிலையத்தடி. நவம்பர் காலையின் முதல் பனி எங்கள் ஐந்து ஆர்.வி. வீட்டு வண்டிகளின் மேல் விழுகிறது. குளிர்காலம் முடியும்வரை மெக்சிகோவில் இருக்கப் போகிறோம். எங்களில் பலமுறை போய்வந்த ரெஜான் பிரெஞ்சில் புத்தி சொல்கிறார். இருட்டியபின் வண்டி ஓடக் கூடாது, குழாய்த் தண்ணீர் குடிக்கக் கூடாது, வாகனப் பத்திரங்களுக்கு இரண்டு பிரதி வேண்டும். வழியில் துப்பாக்கியோடு ராணுவம் மறிக்கும் என்றதும் எல்லோருக்கும் முகம் மாறுகிறது.

என் மனைவிக்கு மட்டும் முகம் மாறவில்லை. அவள் தமிழில் சொல்ல, நான் பிரெஞ்சில் சொல்கிறேன்.

"எஞ்சினை நிப்பாட்டவேணும். உள்லைட்டைப் போடவேணும். கை ரெண்டும் ஸ்டியரிங்கில தெரியவேணும். சிரிக்கவும் கூடாது, முறைக்கவும் கூடாது எண்டு சொல்லுங்கோ."

மெக்சிகோவுக்கு எத்தனை தரம் போயிருக்கிறாள் என்று ரெஜான் கேட்கிறார்.

"இதுதான் முதல் தரம். யாழ்ப்பாணத்தில படிப்பிக்கப் போகேக்க ஒவ்வொரு நாளும் நாலு ஆமி செக்பொயின்ற் தாண்டினனான்."

ரெஜான் தொப்பியைக் கழற்றுகிறார். இனி எங்கள் வண்டிதான் முன்னால் போக வேண்டுமாம், இன்றைக்கே.

அவள் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, ஏறி உட்கார்ந்து பெல்ற்றைப் போடுகிறாள்.

"ரயருக்குத் தேசிக்காய் வச்சாச்சு. வண்டியை எடுங்கோ."

பின்கண்ணாடியில் நான்கு வண்டிகள் வருகின்றன. முதலாவது ரெஜானுடையது.