புறக்கடையில் நின்ற எல்லைக்கல்

மல்லாட்டை மூட்டைக்குள் இரும்புக் குத்தூசி இறங்கும்போது "சரக்" என்று ஒரு சத்தம் வரும். அதைப் பிடுங்கும்போது நுனியில் நசுங்கிய நிலக்கடலைப் பருப்பு ஒட்டிக்கொண்டிருக்க, அந்த இடம் முழுக்கப் பச்சை எண்ணெய் வாசனை அடிக்கும். நான் பிறந்து வளர்ந்த செம்மண்மேட்டை நினைத்தால் முதலில் அந்தச் சத்தமும் வாசனையும்தான் வருகின்றன. மூட்டைக்குள் பட்டுத்துணியோ பாக்கோ ஒளித்துக்கொண்டு யாராவது எல்லை தாண்டுகிறார்களா என்று சுங்கப் பியூன் அப்படிக் குத்திப் பார்ப்பார். ஓர் ஊருக்குள்ளேயே என்ன எல்லை என்று கேட்பீர்கள், பிள்ளைகளே. அதைத்தான் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் எனக்கே அது முழுசாக விளங்கிவிட்டது என்று சொல்லமாட்டேன்.

வானூருக்குக் கிழக்கே நாற்பது வீடுகளும் ஒரு குளமும் ஒரு மாரியம்மன் கோயிலும் கொண்ட சின்ன ஊர் அது. ஊரின் பெரும்பகுதி இங்கிலீஷ்காரன் சீமை, கிழக்கு ஓரம் மட்டும் பிரெஞ்சுக்காரன் சீமை. கோயில் இந்தப் பக்கம் இருந்தது, குளம் அந்தப் பக்கம் இருந்தது. ஆகவே தண்ணீர் எடுக்கப் போகும் பெண்கள் ஒரு நாளில் நாலு தடவை தேசம் விட்டுத் தேசம் போய்வந்தார்கள். தேர் வரும்போது பியூன் குத்தூசியைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்வார், தேருக்குப் பின்னால் வரும் மாட்டுவண்டியை மட்டும் நிறுத்திச் சோதிப்பார். சாமிக்குச் சுங்கம் இல்லை, மாட்டுக்கு உண்டு என்று சின்ன வயதில் நான் புரிந்துகொண்டேன்.

எது எவனுடையது என்று காட்ட முழங்கால் உயரத்தில் கற்கள் நட்டிருந்தார்கள். அதில் ஒரு கல் எங்கள் வீட்டுப் புறக்கடையில் இருந்தது. எங்களுடையது கிழக்கு பார்த்த வீடு, புறக்கடை மேற்கே ஊரைப் பார்த்து இருக்கும். கல்லுக்குக் கிழக்கே எங்கள் வீடும், பனந்தோப்புக்குள் பனையேறி சூசையின் குடிசையும் ஆக இரண்டே குடும்பம். ஆகவே நாங்கள் இரண்டு குடும்பமும் "பிரெஞ்சு வீட்டுக்காரங்க". சூசையின் மகன் சவரிமுத்துவுக்கும் எனக்கும் ஒரே வயது. அவன் தோப்புக்குக் கிழக்கே, ஓடையைத் தாண்டி இருந்த பிரெஞ்சுப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தான். கல்லுக்குக் கிழக்கே இருக்கும் பிள்ளைகளுக்கு அங்கே பலகையும் பலப்பமும் சும்மா கொடுப்பார்கள், மத்தியானம் கஞ்சியும் உண்டு. நைனா, அதாவது என் அப்பா, என்னை மட்டும் மேற்கே மாரியம்மன் கோயிலடிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். அங்கே சம்பளம் கட்டினால் போதும், யாரும் சீட்டு, காகிதம் என்று கேட்கவில்லை.

இரண்டாவது உலகச் சண்டைக்கு இரண்டு மூன்று வருஷம் முன்பு நான் ஐந்தாம் வகுப்பை முடித்தேன். திண்டிவனத்தில் எண்ணெய்ச் செக்கில் வேலை பார்த்த என் மாமா, "பையனை இங்க அனுப்பு, மச்சான். எங்கூட்லயே தங்கிக்கினு ஹைஸ்கூலுக்குப் போவட்டும்" என்று சொல்லியனுப்பினார். நைனாவுக்குத் தரையில் கால் பாவவில்லை. எங்கள் வம்சத்தில் கையெழுத்துப் போடத் தெரிந்தவர்களே கிடையாது. புதுச் சட்டை தைத்தாகிவிட்டது, மாமா வீட்டுக்குக் கேப்பை மாவு அரைத்தாகிவிட்டது. பள்ளிக்கூடம் திறக்கப் பத்து நாள் இருக்கையில் அங்கே ஒரு காகிதம் கேட்டார்கள்: இன்ன ஊரில், இன்ன சீமையில் பிறந்தவன் என்று கிராம முன்சீப் எழுதிக்கொடுத்த சீட்டு. அது இல்லாவிட்டால் முதல் பாரத்தில், அதாவது ஆறாம் வகுப்பில், இடம் இல்லை.

நைனா என்னைக் கூட்டிக்கொண்டு முன்சீப்பிடம் போனார். முன்சீப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை.

"கல்லுக்குக் கிழக்க இருக்கற ஊடு என் கணக்குல வராதுப்பா. நீ பிரெஞ்சுக்காரன். அங்க போய்க் கேளு."

மறுநாள் நடந்து பிரெஞ்சுக்காரர்களின் ஊர் ஆபீசான கச்சேரிக்குப் போனோம். அங்கிருந்த குமாஸ்தா நல்ல மனுஷர், மூன்று புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தார்.

"எங்க படத்துல பனந்தோப்பு ஓடையோட எல்லை முடிஞ்சுபோவுது. ஓடைக்கு மேற்க ஊடே கிடையாதே! நீங்க இங்கிலீஷ்காரங்க ஆளு."

"ஐயா, கல்லு எங்கூட்டுப் புறக்கடையில நிக்குதுங்களே?"

"கல்லு நின்னா? புஸ்தகத்துல இல்லியே!"

 திரும்பி வரும்போது நைனா ஓடைக்கரையில் நின்று, "அப்போ நீ எங்கடா பொறந்த?" என்று என்னையே கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லோரும் எங்காவது பிறந்திருக்கும்போது நான் மட்டும் எங்கேயும் பிறக்கவில்லையோ என்று நிஜமாகவே பயந்தேன். என் கையைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டது ஞாபகம் இருக்கிறது.

வீட்டில் நைனாவின் அக்கா பச்சையம்மா அத்தை இருந்தாள். கணவனை இழந்து எங்களோடு வந்து தங்கியவள், வாயைத் திறந்தால் தெருமுனை வரை கேட்கும். விஷயத்தைக் கேட்டதும் அவள் நேரே போய் எனக்குப் பிரசவம் பார்த்த மருத்துவச்சி முனியம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துவந்தாள். "இவ சொல்லட்டும், எந்த எடத்துல பொறந்தான்னு. சாட்சி சொன்னா எழுதிக் குடுக்காமப் போயிடுவானா?"

முனியம்மா புறக்கடைக்குப் போய் இடத்தைக் காட்டினாள். எங்கள் பக்கத்தில் பிரசவத்துக்கென்று வீட்டுக்குப் பின்னால் தனியாக ஓலைத்தடுப்பு கட்டுவார்கள். குழந்தை பிறந்ததும் நஞ்சுக்கொடியை அங்கேயே குழிவெட்டிப் புதைத்து, நாயும் நரியும் தோண்டாமல் இருக்கப் பெரிய கல்லாக ஒன்றை மேலே வைத்துவிடுவது வழக்கம்.

"இங்கதான் தடுப்பு இருந்திச்சி. கொடியை இங்க பொதைச்சேன். கல்லு கேட்டேன். பச்சையம்மாதான் கொண்டாந்து வச்சா" என்றாள் முனியம்மா. அவள் கை காட்டிய இடத்தில் எல்லைக்கல் நின்றுகொண்டிருந்தது.

 நைனா மெதுவாக, "அக்கா, அந்தக் கல்லை எங்கேர்ந்து கொண்டாந்த?" என்று கேட்டார்.

"ஓடையிலதான். அந்த வருசம் அடிச்ச மழையில பொரண்டு கெடந்திச்சி. நம்ம செம்மண் காட்டுல வேற கல்லு ஏது? நானும் மாட்டுக்காரனும் தடியில கட்டித் தூக்கிக்கினு வந்தோம்."

"அதுல எழுத்து இருந்திச்சே, பாக்கலியா?"

"சேறு அப்பிக்கினு இருந்திச்சி. இருந்தாலும் எனக்கு என்னா எழுத்துத் தெரியும்?"

"அப்புறம் சர்க்கார் ஆளுங்க வந்து அதை நிமித்தி நட்டு சுண்ணாம்பு அடிச்சாங்களே, அப்பவாவது சொல்லக் கூடாதா?"

"நம்ம கல்லு நல்லா இருக்குதேன்னு வச்சிக்கினானுங்கன்னு நெனைச்சேன். போனாப் போவுதுன்னு உட்டுட்டேன்!"

நைனா தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எல்லைக்கல்லை நகர்த்தினால் ஜெயில் என்று ஊருக்கே தெரியும். உண்மையைச் சொன்னால் அத்தை உள்ளே போவாள். சொல்லாவிட்டால் நான் திண்டிவனம் போகமுடியாது. அம்மா அடுப்படியிலிருந்து, "படிப்பு வேணாங்க, விட்டுடுங்க" என்றாள். அத்தையோ, "நான் போறேன்டா ஜெயிலுக்கு. அங்கயும் சோறு போடறானாம்" என்றாள். யார் பக்கம் நிற்பது என்று தெரியாமல் நான் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேச்சு ஜெயில் வரைக்கும் வந்தபோது, கல்லுக்குப் பக்கத்தில் இருந்த சுங்கத்து ஓலைச் சாவடியிலிருந்து பியூன் துரைசாமி சாப்பாட்டோடு வந்து கல்லில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் விழுப்புரத்துக்காரர், ஆறு வருஷமாக எங்கள் ஊரில் இருந்தார். மாற்றல் கேட்டுக்கேட்டு அலுத்துப்போனவர். தினமும் மத்தியானம் அந்தக் கல்லில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, தூக்குச்சட்டி மூடியை அதன் தலையில் வைத்து, அதில் ஊறுகாய் போட்டுச் சாப்பிடுவார். அவர் சாப்பாட்டை நிறுத்திவிட்டு எங்களையே பார்ப்பதை முனியம்மாதான் கவனித்தாள். அவள் நேரே அவரிடம் போனாள்.

"சாமி, நீங்க சாஞ்சிக்கினு சாப்பிடறீங்களே, அதுக்கு அடியில என்னா இருக்குது தெரியுமா?"

"சர்க்கார் கல்லு. வேற என்னா?"

கொடி புதைத்ததையும், கல் ஓடையிலிருந்து வந்ததையும் அவள் சொன்னாள். பியூன் எழுந்த வேகத்தில் தூக்குச்சட்டி உருண்டு சோறு முழுக்க மண்ணில் கொட்டியது. "ஆறு வருசம்! ஆறு வருசமா இதும்மேலயா சோறு துன்னேன்!" என்று சட்டையை உதறிக்கொண்டே சாவடியை மூன்று சுற்றுச் சுற்றினார். அத்தைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "பையன் ஒடம்புல இருந்ததுதானே, என்னா இப்போ? அதான் ஆறு வருசமா உங்களுக்கு ஜொரமே வரல" என்றாள்.

"ஜல்தியா எடுத்துத் தொலைங்க! முன்ன எங்க இருந்திச்சோ அங்கயே கொண்டுபோய் நடுங்க! யாராச்சும் கேட்டா, மண்ணு அரிச்சிப் போச்சி, நான்தான் எடுத்து நேரா நட்டேன்னு சொல்லிக்கறேன். என்னா பேஜாரு புடிச்ச ஊருய்யா இது!"

பட்டப்பகலில், ஊரே சாப்பிட்டுக்கொண்டிருந்த வேளையில், நைனாவும் பியூனும் கல்லைத் தடியில் கட்டித் தூக்க, நான் கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டு பின்னால் நடந்தேன். பழைய குழி எங்கே என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. கூடவே வந்த அத்தை ஓர் இடம் சொன்னாள், முனியம்மா வேறு இடம் சொன்னாள். அன்று ஏதோ விடுமுறை. பனந்தோப்பிலிருந்து சவரிமுத்து ஓடிவந்தான்.

"குழியா? இங்கதான்டா இருக்குது. நான் கோலி ஆடற எடம். வா, காட்டறேன்."

அவனேதான் புல்லை விலக்கிக் காட்டினான். குழியில் கிடந்த தன் கோலிகளைப் பொறுக்கி டவுசர் பையில் போட்டுக்கொண்டு, கல்லை நிமிர்த்தவும் தோள் கொடுத்தான். மண்ணை மிதித்து இறுக்கினதும் நாங்கள் இரண்டு பேரும்தான். அப்போதுதான் கவனித்தேன், அவன் குடிசையும் கல்லுக்கு மேற்கே வந்துவிட்டிருந்தது. கவனித்தேனே தவிர, அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தோன்றவில்லை. நைனாவுக்குத் தோன்றியிருக்குமா என்று பிற்பாடு பலமுறை யோசித்திருக்கிறேன். கேட்கத் தைரியம் வரவில்லை, அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

முன்சீப் வந்து பார்த்துவிட்டு, "அட, இப்போ கிழக்க போயிடிச்சே!" என்று மட்டும் சொல்லி, சீட்டு எழுதிக்கொடுத்தார். நான் திண்டிவனம் போனேன். முதல் லீவுக்கு ஊருக்கு வந்தபோது சவரிமுத்து ஆடு மேய்த்துக்கொண்டிருந்தான்.

"பள்ளிக்கூடம் போவலியாடா?"

"கல்லு தோப்புக்கு அந்தப்பக்கம் போயிடிச்சாம். நீ எங்க ஊரு புள்ள இல்லன்னு வாத்தியாரு பேரை அடிச்சிட்டாரு. கோயிலடிப் பள்ளிக்கூடத்துல பலகை வாங்கணுமாம், சம்பளம் கட்டணுமாம். அப்பா வேணாம்னுட்டாரு." பிறகு சிரித்துக்கொண்டே, "கல்லு எப்புடிடா நடக்கும்?" என்று கேட்டான். நாங்கள் தூக்கி நட்டது ஓடையில் புரண்டு கிடந்த வேறு ஏதோ கல் என்றுதான் அவன் நினைத்திருந்தான்; அது எங்கள் புறக்கடைக் கல் என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை. நான் தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

நானும் பெரிதாக ஒன்றும் படித்துவிடவில்லை, நாலாவது பாரத்தோடு நின்றேன். அந்தப் படிப்பில்தான் வேலை கிடைத்தது, அந்த வேலையில்தான் நீங்கள் வளர்கிறீர்கள். இப்போது செம்மண்மேட்டில் போய்ப் பார்த்தால் கல்லும் இல்லை, ஓலைச் சாவடியும் இல்லை. ஓடையைத் தூர்த்து மல்லாட்டை போட்டிருக்கிறார்கள். எது யார் சீமை என்று கேட்டால் இளவட்டங்கள் சிரிக்கிறார்கள். எல்லாம் ஒரே தேசமாகிவிட்ட பிறகு, ஒரு பையன் படித்ததற்கும் இன்னொரு பையன் படிக்காததற்கும் காரணம் சொல்ல அங்கே ஓர் அடையாளமும் மிஞ்சவில்லை.

பொங்கலுக்குப் பனங்கிழங்குக் கட்டு கொண்டுவருகிறாரே, நீங்கள் "சவரி மாமா" என்று கூப்பிடுகிறீர்களே, அவன்தான். இதை அவனிடம் வாயால் சொல்ல எத்தனையோ தடவை முயன்றேன், முடியவில்லை. எழுதிக் கொடுத்துவிடலாம் என்று ஆரம்பித்தேன். பாதி எழுதிய பிறகுதான், சின்ன வயதில் கற்ற எழுத்தும் மறந்துபோய் அவனுக்கு இப்போது படிக்க வராது என்பது உறைத்தது. ஆகவே உங்களுக்குச் சொல்வதுபோல் முதலிலிருந்து திருப்பி எழுதினேன்; உங்களில் யாராவது ஒருவர் இதை அவனுக்கு வாசித்துக் காட்டவேண்டும். அப்போது நான் பக்கத்தில் இருப்பதா, எழுந்து வெளியே போய்விடுவதா என்பதுதான் எனக்கு இன்னும் தெரியவில்லை.