ஹெல்வி மாற்றிய பல்பு

டிசம்பரில் எங்கள் ஏரிக்கரையில் சூரியன் எழுவதில்லை. நடுப்பகலில் பனி நீலமாகக் கிடக்கும். மூன்று மணிக்கெல்லாம் அந்த நீலமும் கறுத்துவிடும். அதன்பின் ஏரியில் இருப்பவர்களுக்கு முன்பெல்லாம் கரை என்றால் இரண்டு மஞ்சள் விளக்குகள்தான். ஒன்று ஹெல்வியின் முற்றத்தில். இன்னொன்று சற்று வடக்கே, ஆறு வந்து கலக்கும் இடத்தில், என் நீராவிக் குளியல் குடிலின் வாசலில். நீரோட்டத்தால் என் பக்கம் பனிக்கட்டி மெல்லியது.

பதினோரு ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் ஹெல்வியின் பல்பு பியூஸ் போனது. வீட்டில் வெள்ளை பல்புதான் இருந்தது, அதையே மாட்டினாள். அவள் கணவர் உர்ஹோ பனிக்கடியில் போட்ட வலையை எடுக்க ஏரி நடுவே போயிருந்தார். திரும்பும் நேரம் பனி கொட்டியது. வெள்ளை வெளிச்சம் பனியோடு கரைந்துபோய், என் மஞ்சள் மட்டும் அவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும். மறுநாள் அவருடைய சறுக்குவண்டி என் குடிலுக்கு எதிரே, உடைந்த பனியின் விளிம்பில் நின்றது.

அன்றே என் விளக்கை அணைத்துவிட்டேன். மூன்றாம் நாள் ஹெல்வி கதவைத் தட்டினாள்.

"விளக்க ஏன் அணைச்ச, தாவி?"

"அத எரியவிட எனக்கு மனசு வரலைங்க."

"போடு. பாதி வழியில நிக்கிறார். இருட்டுல எங்க போவார்?"

போட்டேன். அவளும் வெள்ளை பல்பைக் கழற்றவில்லை.

அதிலிருந்து ஒவ்வொரு ஆண்டும், ஏரி உறைந்ததும், ஹெல்வி இளம் ஊசியிலை மரங்களை வெட்டி வந்து, பனியில் துளை போட்டு, தன் கரையிலிருந்து ஏரி நடுவரை வரிசையாக நடுகிறாள். மீன்பிடிப்பவர்களை விரட்டி விரட்டிச் சொல்வாள்: "கண்ணு இருக்குன்னு விளக்கப் பாத்து நடக்காதீங்கடா. மரத்தப் பிடிச்சு வாங்க." அதன்பின் ஒருவர்கூட ஆற்றுப்பக்கம் போனதில்லை.

போன ஆண்டு அவளுக்குத் துணையாகப் போனேன். கடைசி மரத்தை நட்டு நிமிர்ந்தபோது இருட்டியிருந்தது. ஒருபுறமிருந்து வெள்ளை, மறுபுறமிருந்து மஞ்சள். ஆளுக்கு இரண்டு நிழல்: மஞ்சள் விளக்கின் நிழல் நீலமாக, வெள்ளையின் நிழல் மங்கிய பொன்னிறமாக. சும்மா எண்ணிப் பார்த்தேன். ஐந்து.

ஐந்தாவது நீலமாக, ஹெல்வியை ஒட்டி நீண்டு கிடந்தது. அவளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எண்ணாத, தாவி," என்றாள் மெதுவாக. "குளிருது. வா, போலாம்."

நான் முன்னால் நடந்தேன், திரும்பிப் பார்க்கவில்லை. அவள் பாதையின் ஓரமாகவே, பக்கத்தில் இன்னொருவருக்கு இடம் விட்டு நடந்து வந்தாள் என்பது காலடிச் சத்தத்திலேயே தெரிந்தது.